இடது கண்ணும் மூன்றாவது கம்பியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வந்தது வெல்டிங் அடித்ததால் வந்த கண்வலி இல்லை. எங்கள் ஷெட்டில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். "குணாவுக்கு ஃப்ளாஷ் ஓவரா அடிச்சிருச்சு, அதான் ஆஸ்பத்திரில போய்ப் படுத்துகினான்" என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடமும் சொல்கிறார்களாம். ஆளுக்கு ஆள் விளக்கி வாய் வலிக்கிறது. ஒரே தடவையாக எழுதி வைத்துவிட்டால் படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளலாம்.

என் பெயர் குணசேகரன். எண்ணூர் நெடுஞ்சாலையில் எண்ணெய்த் தொட்டிகள் செய்கிற ஒரு ஷெட்டில் வெல்டர். வீடு திருவொற்றியூரில். என் வேலையைப் பற்றி நானே பீற்றிக்கொள்ளக் கூடாதுதான், ஆனாலும் சொல்வேன், நான் போட்ட கோடு கோணாது. ராயபுரத்து மார்ட்டின் என்ற ஃபிட்டர் பல வருஷமாக என்னோடு ஜோடி சேர்ந்து வேலை பார்க்கிறவன். "உன் கண்ணுக்குள்ள தூக்குக்குண்டு கட்டித் தொங்கவுட்டுகீது மாமு" என்பான். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுச் சன்னலுக்கு நானே கம்பி அடித்து மாட்டினேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டாமல் விடமாட்டேன். என் மனைவி லலிதா மட்டும் அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாதவரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. சட்டைத் தையல் ஒரு நூல் விலகினாலும் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவாள். பாராட்டுகிற பழக்கமே அந்தக் கம்பெனியில் கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு விஷயமும் தெரிந்தால்தான் நான் ஏன் இவ்வளவு பயந்தேன் என்று புரியும். என் வலது கண் ரொம்ப நாளைக்கு முன்பே போய்விட்டது. கிரைண்டிங் போடும்போது தெறித்த இரும்புத் தூள் கருவிழியில் தைத்து, புண்ணாகி, ஆறி, தழும்பாகிவிட்டது. அந்தக் கண்ணுக்கு ஆள் வருவது தெரியும், யாரென்று தெரியாது. ஆகவே எனக்கு இருந்தது ஒரே கண், இடது கண்.

அந்த இடது கண்ணின் முன்னால் ஒருநாள் காலை டீ குடிக்கும்போது கொசு மாதிரி ஏதோ மிதந்தது. கையால் விரட்டினேன். போகவில்லை. மறுநாள் கண் சிவந்தது, வெயில் பட்டால் கூசியது. கண் சிவந்தால் வெல்டர் வேறு எதையும் யோசிக்கமாட்டான். நாம் முகமூடியை இறக்குவதற்குள் பக்கத்து ஆள் வெல்டிங் ராடை உரசிவிட்டால் அந்த வெளிச்சம் கண்ணில் ஏறி, ராத்திரி முழுக்க மணல் கொட்டினாற்போல் உறுத்தும். அது எங்களுக்கு வாடிக்கை. அதற்கு எங்கள் வைத்தியமும் வாடிக்கைதான்.

உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைப்பது ஒன்று. ஷெட்டு ஸ்டோர் ரூம் அலமாரியில் மாதா படத்துக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவில் நிற்கிற சொட்டு மருந்து பாட்டில் இன்னொன்று. அதை யார் வாங்கினார்கள், எப்போது திறந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தீர்ந்தால் யாராவது அதே மாதிரி இன்னொன்றை வாங்கி அதே இடத்தில் வைப்பார்கள். ஊற்றினால் சிவப்பு சட்டென்று இறங்கிவிடும். அதனால் அந்த பாட்டிலுக்கும் பக்கத்துப் படங்களுக்கு உள்ள மரியாதை உண்டு. மூன்றாவது வைத்தியம் தாய்ப்பால். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், வெல்டிங் அடித்த கண்ணுக்கு அதைப் போலக் குளிர்ச்சி வேறில்லை என்று எங்கள் ஆட்கள் சத்தியம் செய்வார்கள்.

பக்கத்து வீட்டுப் பர்வீனுக்குக் கைக்குழந்தை. லலிதா போய்க் கேட்டபோது நான் வெட்கத்தில் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். "அண்ணனுக்குத்தானே, இதுல இன்னாக்கா கீது" என்று அந்தப் பெண் குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் கொஞ்சம் பிடித்துக் கொடுத்துவிட்டது. அன்றைக்கு மட்டுமல்ல, கேட்காமலே இரண்டு மூன்று நாள் கொடுத்தனுப்பியது.

சிவப்பு இறங்கியது. மங்கல் இறங்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் போய் "வெல்டிங் அடிச்சிருச்சு" என்றேன். நான் சொன்னதைக் கடைக்காரர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். சின்னதாக வெள்ளை மாத்திரை ஒரு பட்டை கொடுத்தார். "வீக்கத்துக்கு, சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க" என்றார். போட்டேன். உறுத்தல் காணாமல் போனது, பசிகூட நன்றாக எடுத்தது. மருந்து கேட்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு தொட்டியில் தகடுகள் சேரும் நெட்டுத் தையலைப் பற்றவைத்தேன். முடித்துவிட்டு முகமூடியைத் தூக்கினேன். பக்கத்தில் மார்ட்டின் குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமு, இன்னாது இது? பாம்பு போய்கினு கீது."

வெளிச்சம் சரியில்லை, ராடு ஈரம், என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். அவன் கிரைண்டரை எடுத்து அந்தக் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தான். வேறு நாளாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பான். அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ரோட்டில் வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளில் ஒன்றின் நம்பரைப் படித்துப் பார்த்தேன். இரண்டு ஓரமும் தெரிந்தது. நடுவில் புகை.

வீட்டுக்கு வந்து லலிதாவைப் பார்த்தால் அவளுடைய காதும் கொண்டையும்தான் இருந்தன. மூக்கு, வாய் இருக்கிற இடம் ஆவி பிடித்த கண்ணாடி மாதிரி இருந்தது. நான் ஒரு மாதிரி முழிப்பதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "இது எத்தினி விரலுய்யா?"

"மூணு" என்றேன்.

"நான் கையே தூக்கல."

அவள் பையை எடுத்து அந்த மாத்திரைப் பட்டையைப் போட்டாள். மார்ட்டினுக்கு போன் செய்து ஷெட்டில் இருந்த சொட்டு மருந்து பாட்டிலையும் கொண்டுவரச் சொன்னாள். மறுநாள் விடிந்ததும் அரசுக் கண் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

கண் ஆஸ்பத்திரி காத்திருப்பு வேறு மாதிரி. கண்பாப்பாவை விரியவைக்க மருந்து ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். நீள பெஞ்சுகளில் அத்தனை பேரும் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்மூடி உட்கார்ந்திருப்பார்கள். பேர் கூப்பிடும் சத்தத்துக்காக எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். மருந்து ஊற்றியபின் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சமும் கலங்கிவிட்டது. இனி இப்படித்தானோ என்று தோன்றியதும் பக்கத்தில் கையை நீட்டி லலிதாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். கட்டியவள் முந்தானையை நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நாள் அதுதான்.

எங்களைப் பார்த்த டாக்டர் சின்னப் பெண், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்து, மேலே பாருங்க, கீழே பாருங்க என்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். அவரும் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் ஹெட்லைட் என்ற வார்த்தை மட்டும் எனக்குப் பிடிபட்டது.

"என்னம்மா, லாரி ஹெட்லைட்டா?" என்றேன்.

"ஆமாய்யா. பனியில எதிர்ல லாரி வந்தா வெளிச்சம் மட்டும் வெள்ளையாக் கலங்கித் தெரியும்லா, உங்க கண்ணுக்குள்ள இப்ப அப்படி இருக்கு" என்றாள். கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய தோல் இருக்கிறது, நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அதில் ஒரு புண். கண்ணுக்குள் இருக்கிற கூழும் அதனால் கலங்கிவிட்டது. விழித்திரைக்கு நடுவில் மையம் என்று ஓர் இடம் உண்டு, எழுத்துப் படிப்பது, முகம் பார்ப்பது, கோடு பார்ப்பது எல்லாம் அங்கேதான். "வீக்கம் மையம் வரைக்கும் வந்துட்டு. புண்ணு அதைத் தொடலை, இன்னும்" என்றாள்.

அந்த 'இன்னும்' என் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. இருக்கிற ஒரு கண்ணிலும் மையம் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? வேலை போகட்டும். லலிதா முகத்தை இனிமேல் காதை வைத்தா அடையாளம் தெரிந்துகொள்வேன்?

இதுவரை என்ன மருந்து போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டாள். லலிதா பையைக் கவிழ்த்தாள். பாட்டிலையும் பட்டையையும் வெளிச்சத்தில் தூக்கிப் படித்த டாக்டர் இரண்டையும் மேசைமேல் வைத்தாள். "இதை யாரு எழுதிக் கொடுத்தா?"

"யாரும் எழுதலம்மா. வெல்டிங் அடிச்சா நாங்க ஊத்திக்கிறதுதான்."

"தாய்ப்பாலும் வுட்டோம்" என்றாள் லலிதா. அவள் காலை மிதிக்கப் பார்த்தேன், தப்பிப்போய் டாக்டர் காலை மிதித்துவிட்டேன்.

டாக்டர் காலை நகர்த்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டுமே ஸ்டீராய்டு, சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கும், கூடவே கிருமியோடு சண்டை போடுகிற உடம்பின் கையையும் கட்டிப்போடும் என்றாள். "கண்ணு சிவந்து உங்களைக் கூப்பிட்டிருக்குய்யா. நீங்க வாயைப் பொத்திட்டீங்க."

ரத்தம் எடுத்தார்கள். காசநோய்க்கு ஒன்று, மேக நோய்க்கு ஒன்று, எச்ஐவிக்கும் ஒன்று. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்தப் புண் மோசமாக வருமாம், அதற்காக எல்லோருக்கும் பார்ப்பதுதான் என்று ஒரு அறையில் உட்காரவைத்துச் சொன்னார்கள். வெளியே வந்ததும் நானாக ஆரம்பித்தேன், "லலிதா, நான் அப்டியெல்லாம்..."

"நான் இன்னா உன்ன கேட்டனா?" என்றாள்.

எச்ஐவி சோதனையின் முடிவு வரும்வரை அவள் வேறு ஏதேதோ பேசினாள், ஆனால் ஒரு வாய் சாப்பிடவில்லை. அது இல்லை என்று வந்ததும் "வா, கேன்டீன்ல இட்லி கீது" என்றாள். ஒரே மூச்சில் ஒரு தட்டைக் காலி செய்தாள்.

இருக்கிறது என்று வந்த கிருமியின் பெயர் டாக்சோபிளாஸ்மா. ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி. பூனையின் குடலில் குடும்பம் நடத்துமாம், அதன் மலத்தோடு மண்ணுக்கும் தண்ணீருக்கும் வருமாம். வேகாத கறியிலும் இருக்கலாம். எங்கள் ஷெட்டில் பூனைகளுக்குப் பஞ்சமில்லை, மூடி போடாத தண்ணி டிரம்முக்கும் பஞ்சமில்லை. லலிதா உடனே பூனைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாள். மார்ட்டின் பூனைகளுக்கு வக்கீலானான். "இவன் கடையில அரை வேக்காட்டுல சுக்கா துண்றான், பூனைய இன்னாத்துக்கு சொல்ற?" இருவரையும் டாக்டர்தான் அடக்கினாள். பல வருஷத்துக்கு முன்பே உள்ளே போய்த் தூங்கி இப்போது எழுந்திருக்கலாம், எங்கிருந்து வந்தது என்று இப்போது யாராலும் சொல்லமுடியாது என்றாள்.

என்னை வார்டில் சேர்த்தார்கள். சல்ஃபா என்ற வகை மாத்திரை, மாட்டுக்குப் போடுகிற பருமனில். அது கிருமிக்கு. அதை ஆரம்பித்து இரண்டாம் நாள் நர்ஸ் இன்னொரு மாத்திரையையும் சேர்த்து உள்ளங்கையில் வைத்தார். விரலால் தடவிப் பார்த்தேன். சின்னது. வட்டம். நடுவில் கோடு. லலிதாவைப் பார்க்கச் சொன்னேன். "அதே மாத்திரதான்யா" என்றாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! எதைத் தின்றதற்காக என்னைக் கூனிக் குறுகவைத்தார்களோ அதையே இப்போது நீட்டுகிறார்கள். விழுங்கமாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டேன். நர்ஸ் சொல்லிப் பார்த்தார். லலிதா சொல்லிப் பார்த்தாள். கடைசியில் டாக்டரே வந்தாள். சண்டை போடுவாள் என்று நானும் தயாராக இருந்தேன். அவள் ஒரு ரப்பர் கையுறையை எடுத்து ஊதி, முடிச்சுப் போட்டு, என் கையில் கொடுத்தாள்.

"உங்களால பார்க்க முடியலைல்லா, தொட்டுப் பாருங்க. இதுதான் உங்க விழித்திரையில ஒரு செல். வெளித்தோல் முழுசா மூடியிருக்கு, கதவு கிடையாது. கிருமி எப்படி உள்ள போகும்?"

"கிழிச்சிகினு போவும்."

"கிழிச்சா செல்லு செத்துடும். செத்த வீட்டுல குடியிருக்க முடியாதே. அதுக்கு உயிரோட வேணும்."

பிறகு அவள் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். அந்தக் கிருமி பிறை மாதிரி வளைந்தது, ஒரு நுனி கூர். அந்தக் கூருக்குள் சின்னச் சின்னப் பைகள். பை நிறையப் புரதங்கள். செல்லைத் தொட்டதும் முதல் பையைத் திறக்கும், அதில் இருப்பது ஒட்டிக்கொள்கிற புரதம். அடுத்த பையில் இருப்பதுதான் விஷமம். அந்தப் பையிலிருந்து ஒரு புரதத்தைச் செல்லின் தோலுக்குள்ளேயே செலுத்திப் பதித்துவிடும். அது செல்லுடையது இல்லை, கிருமி கொண்டுவந்தது. ஆனால் செல்லின் சுவரில் உறுதியாக உட்கார்ந்துவிடும். கிருமியின் மேல் இருக்கிற இன்னொரு புரதம் அதைக் கவ்விப் பிடிக்கும். அந்தப் பிடியை வைத்துக்கொண்டு தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தொட்டி வேலையில் நாங்கள் தினமும் செய்வது அதுதானே! பிடிமானமே இல்லாத வழுவழுப்பான தகட்டை இழுக்க வேண்டுமென்றால் அதன்மேல் ஓர் இரும்புத் துண்டைப் பற்றவைப்போம். லக் என்போம். அதில் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியை மாட்டி இழுப்போம்.

"லக்கு அடிச்சு செயின் போட்டு இஸ்துகினு போவுதும்மா!" என்றேன்.

நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். "அதேதான்யா" என்று சிரித்துவிட்டாள். என் விரலைப் பிடித்து ஊதின கையுறைக்குள் அழுத்தினாள். ரப்பர் கிழியவில்லை, விரலைச் சுற்றி உறை மாதிரி உள்வாங்கியது. "பாருங்க, உங்க தோலாலயே அதுக்கு ஒரு ரூம் கட்டிக்கொடுத்துட்டீங்க. நாம பேசி முடிக்கறதுக்குள்ள இது நடந்துடும். உள்ள போனதும் இன்னும் கொஞ்சம் புரதத்தை அனுப்பும். அது செல்லோட மூளை மாதிரி இருக்கிற இடத்துக்கே போயி, ஒண்ணும் நடக்கலை, கூச்சல் போடாதேன்னு சொல்லும். அப்புறம் ரெண்டாகும், நாலாகும், செல்லை உடைச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். அந்தப் பெரிய மாத்திரை அதைப் பெருகவிடாமப் பண்ணும். ஆனா உடம்பு முழிச்சிக்கிட்டுச் சண்டை போடும்லா, அந்தச் சண்டையில வர்ற வீக்கம் மையத்தைக் கெடுத்துடும். முதல்ல கிருமியைக் கட்டணும், அப்புறம் வீக்கத்தை இறக்கணும். நீங்க கட்டாமலே இறக்கிட்டீங்க. மாத்திரை ஒண்ணுதான், போட்ட வரிசைதான் தப்பு."

விழுங்கினேன். அதன்பின் அந்தக் கிருமியைப் பற்றி நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. கண்ணை மூடிப் படுத்தால், உள்ளே ஓர் ஆள் லக்கு லக்காகப் பற்றவைத்துக்கொண்டே மையத்தை நோக்கிப் போவது போலிருக்கும். எனக்குத் தெரிந்த வேலையாகப் போனதால் பயம் இன்னும் அதிகமாகிவிட்டது.

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த நேரத்தில் உடம்பு அரித்தது. நெஞ்சில் சிவப்புத் தடிப்பு, பிறகு முதுகு, பிறகு உதட்டுக்குள் கொப்புளம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த டாக்டரின் குரல் மாறியது. சல்ஃபா எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தொடர்ந்தால் தோலே உரிந்துபோகிற ஆபத்து உண்டாம். நிறுத்திவிட்டார்கள். அதாவது, கட்டிப்போட்ட கயிற்றை அவிழ்த்தாயிற்று.

"அப்ப இன்னாம்மா வழி?" என்றாள் லலிதா.

வேறொரு மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுவதுதான் வழி என்றார்கள். கண்ணுக்குள். விழியின் வெள்ளையில் குத்தி. அந்த ஊசியாலேயே கண்ணுக்குள் சீழ் வைக்கிற ஆபத்தும் கொஞ்சம் உண்டு, அரிதுதான், ஆனால் சொல்லவேண்டியது கடமை என்று பெரிய டாக்டர் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். என் கையை லலிதா பேப்பரில் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அவள் விரல் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது.

அன்று பார்த்துப் பர்வீன் குழந்தையோடு வந்திருந்தது. குழந்தையை வார்டுக்குள் விடவில்லை, நான்தான் வாசலுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பர்வீன் அழ ஆரம்பித்துவிட்டது. "என் பாலாலதான் ஆச்சாண்ணா? எல்லாரும் கேட்கிறாங்கண்ணா." அதோடு இன்னொரு பயமும், அந்தப் பாலாடையில் குழந்தைக்கும் ஊற்றியிருந்ததாம். டாக்டரைக் கூப்பிட்டுப் பர்வீன் முன்னாலேயே கேட்டேன். இது பாலால் வந்ததல்ல, கண்ணிலிருந்து பாலாடைக்கு ஏறுவதுமில்லை, ஆனால் இனிமேல் யார் கண்ணிலும் விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னாள். பர்வீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொண்டுவந்த கஞ்சி டப்பாவை என் கையில் வைத்தது. எனக்கு ஊசி என்று அதற்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

ஆபரேஷன் தியேட்டரில் கண்ணை மரத்துப்போகச் செய்ய மருந்து ஊற்றினார்கள். முகத்தைத் துணியால் மூடி, இமையைக் கம்பி வைத்து விரித்தார்கள். எத்தனையோ உயரத்தில் தொங்கிக்கொண்டு பற்றவைத்திருக்கிறேன், யாரையும் துணைக்குக் கூப்பிட்டதில்லை. அன்று நர்ஸிடம், "கொஞ்சம் கையைப் பிடிச்சிக்கிறீங்களாம்மா" என்று கேட்டேன். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. அவர் பிடித்துக்கொண்டார்.

"மேல பாருங்க. அசையாதீங்க."

வலி இல்லை, ஓர் அழுத்தம். உடனே என் பார்வைக்குள்ளேயே கறுப்பாக ஒன்று இறங்கி, தண்ணீரில் மை கரைவது போல் சுருள் சுருளாகப் பரவியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது வெளியே இல்லை, என் கண்ணுக்குள் மருந்து போவதை. "தெரியுது, தெரியுது" என்று கத்திவிட்டேன். "நல்லது, தெரியட்டும்" என்றார் பெரிய டாக்டர்.

பிறகு வெறும் காத்திருப்பு. சீழ் வைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஸ்கேன் மிஷினில் தாடையை வைத்து உட்கார்ந்தால் பச்சையாக ஒரு சிலுவை தெரியும், அதையே பார் என்பார்கள். முதலில் அந்தச் சிலுவை எனக்கு ஒரு பச்சைக் கறையாகத்தான் தெரிந்தது. டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்ப்பாள், லலிதா டாக்டர் முகத்தைப் பார்ப்பாள், நான் லலிதா இருக்கிற பக்கம் பார்ப்பேன். புண்ணின் ஓரம் மையத்துக்கு ஒரு தலைமுடி தூரத்தில் நின்றிருந்தது. சம்பளம் இல்லாத நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஷெட்டில் எல்லோரும் சேர்ந்து மார்ட்டினிடம் ஏதோ கொடுத்தனுப்பினார்கள், அதை லலிதா என்னிடம் காட்டாமல் வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த சொட்டு மருந்து பாட்டில் இருந்த இடத்தில் மார்ட்டின் ஊதுபத்தி ஸ்டாண்டு வைத்துவிட்டானாம். புது பாட்டில் எங்கே என்று இரண்டு பேர் அதற்குள் கேட்டுவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது ஊசியும் போட்டார்கள். அதற்குப் பிந்திய ஒரு காலையில் டாக்டர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஓரம் தெளிஞ்சிட்டுய்யா" என்றாள். ஆறுகிற புண்ணுக்குத்தான் ஓரம் கூர்மையாகத் தெரியுமாம். லலிதா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அனுப்பும்போது டாக்டர் ஒளிக்காமல் சொன்னாள். கிருமி முழுசாகச் சாகவில்லை. மிஞ்சியது கூடு கட்டிக்கொண்டு தழும்போரமாகத் தூங்கும், எந்த மாத்திரையும் அந்தக் கூட்டுக்குள் போகாது. பல பேருக்கு ஆயுசு முழுக்கத் தூங்கும், சிலருக்கு எழுந்துகொள்ளும். எழுந்தால் முதல் அடையாளம், நேர்க்கோடு வளைந்து தெரிவது. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் கொடுத்தாள். தினம் காலையில் வலது கண்ணை மூடிக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும், ஒரு கோடு வளைந்தாலும் அன்றைக்கே ஓடிவர வேண்டும். வேலைக்குப் போகலாமா என்பதை அடுத்த முறை பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள்.

எனக்கு எதற்கு ஆஸ்பத்திரித் தாள்? என் சன்னல் இருக்கிறது. நான் அடித்த கம்பி, உலகத்தில் அதைவிட நேரான கோடு ஏது? தாள் பீரோவில் போய்விட்டது. தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஆரம்பத்தில் எல்லாமே பஞ்சு பஞ்சாகத் தெரிந்தன. நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டே வந்தன. மையத்துக்குச் சற்று மேலே ஒரு சாம்பல் புள்ளி மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது, அது தழும்பு. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் அதைத் தாண்டிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

மறுபரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அந்தக் காலையில், மூன்றாவது கம்பி வளைந்திருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். வளைந்துதான் இருந்தது. மற்றதெல்லாம் நேர், மூன்றாவது மட்டும் சன்னலின் குறுக்குப் பட்டைக்குக் கீழே இடது பக்கம் லேசாக ஒதுங்கியிருந்தது. தழும்போரம் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்துவிட்டான், உள்ளே மறுபடியும் லக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டான். இனி எந்த மருந்து? சல்ஃபா ஆகாது. எத்தனை தடவை கண்ணுக்குள் குத்துவார்கள்?

"லலிதா!" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"கம்பி கோணுது. மூணாவது. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

அவள் கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பீரோவைத் திறந்து கம்பெனி நூல்கண்டை எடுத்தாள். நுனியில் வீட்டுப் பூட்டைக் கட்டினாள். ஸ்டூலில் ஏறி மூன்றாவது கம்பியின் மேல்முனையில் நூலைச் சுற்றித் தொங்கவிட்டாள். பூட்டு ஆடி ஆடி நின்றது.

"அந்தக் கண்ண நல்லா பொத்திகினு பாரு. நூலு எப்டி தெர்து?"

பார்த்தேன். மேலிருந்து கீழே, ஓர் இடத்தில்கூட உடையாமல், கறுப்பு நூல். கம்பி பாதி தூரம் அதோடு ஒட்டி வந்தது, பட்டைக்குக் கீழே அதை விட்டு விலகிப்போனது.

"நூலு நேரா கீது" என்றேன்.

"அப்ப கண்ணு நல்லா கீதுய்யா. கம்பிதான் கோணல். நீ மாட்டின அன்னிலருந்து கோணல்."

"ஏன்டி சொல்லல?"

"ஊர்ல கீறவனெல்லாம் இட்டாந்து காட்டிகினு இருந்த. இன்னான்னு சொல்றது?"

எழுந்து போய் விரலால் தடவிப் பார்த்தேன். ஆமாம், கோணல். கல்யாணமான நாளிலிருந்து, இரண்டு கண்ணும் நன்றாக இருந்த காலத்திலிருந்து, என் மூக்குக்கு எதிரே. கோணலாகப் போட்டது எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். நான் நின்ற இடத்திலேயே அழுதேன். லலிதா ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை, நூலை அவிழ்க்கவும் இல்லை. ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் வலது கண்ணைப் பொத்தியபடியே மறுபடியும் பார்த்தேன். நூல் நேராகத்தான் இருந்தது.